இந்தப் பக்கம் நூலுக்கு உரியதா?

1

இந்தக் கதை ஒரு பத்து மதிப்பெண் வினாவிலிருந்து பிறந்தது. பெரிய எழுத்தாளர்கள் தங்கள் கதை கனவில் பிறந்தது, ரயிலில் பார்த்த ஒரு முகத்தில் பிறந்தது என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் நோட்ஸ் எழுதுகிறவன். பாடப்புத்தகத்தைப் படிக்காமல் தேர்வு எழுத விரும்பும் பிள்ளைகளுக்காக அதைப் படித்துத் தொலைக்கிறவன். என் புத்தகங்களை யாரும் அலமாரியில் வைப்பதில்லை. தேர்வு முடிந்த அன்றே பழைய பேப்பரோடு போட்டுவிடுகிறார்கள்.

வினா இதுதான்: 'படைத்தலைவன் இளவரசிமீது கொண்டது காதலா, மயக்கமா? ஆராய்க.'

அதற்கு மாதிரி விடை எழுதும்போது எனக்கு நேர்ந்ததைத்தான் கதையாக்கப் பார்க்கிறேன். முதலில் இப்படித் தொடங்கினேன்:

'நாற்பத்தாறு வயதிலும் அவர் தன் தனிமையை ஒரு சால்வையாகப் போர்த்திக்கொண்டு, மையூறிய சட்டைப் பையுடன்…'

நிறுத்திவிட்டேன். என்னிடம் சால்வை கிடையாது. 'அவர்' என்று எழுதினால் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை. அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். அக்கா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நான் அவள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன்.

"யாருடா இந்த அவரு?" என்றாள்.

"ஒரு கதாபாத்திரம்."

"கதாபாத்திரத்தோட சட்டையை நேத்து நான்தான் அரை மணி நேரம் சோப்பு போட்டுத் தேய்ச்சேன். கறை போகல."

ஆகவே, 'நான்' என்றே எழுதுகிறேன்.

2

நாடகத்தைச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் வேண்டாம். பள்ளியில் படித்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள், பாவம். படிக்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள்.

பழைய துன்பியல் நாடகம், ஐந்து அங்கம். முதல் அங்கத்தில் படைத்தலைவன் ஆற்றின் இக்கரையில் நின்றுகொண்டு, அக்கரை அரண்மனை மாடியில் எதிரி நாட்டு இளவரசி தலை துவட்டுவதைப் பார்க்கிறான். அவ்வளவுதான் சந்திப்பு. அதன்பின் நான்கு அங்கங்களுக்குப் புலம்புகிறான். நிலவிடம் புலம்புகிறான், குதிரையிடம் புலம்புகிறான், தூங்கிக்கொண்டிருக்கும் காவலாளியை எழுப்பிப் புலம்புகிறான். அவளுக்காகப் போரை நிறுத்துகிறான். அவள் கவனிக்கவில்லை என்று மறுபடி தொடங்குகிறான். கடைசியில் வெள்ளம் ஓடும் ஆற்றை நீந்திக் கடக்கிறேன் பேர்வழி என்று இறங்கி, மூழ்கிச் சாகிறான். உடல் அக்கரையில் ஒதுங்குகிறது.

வரிகளை எண்ணிப் பார்த்தேன். (எண்ணுவது என் தொழில். 'எத்தனை முறை வருகிறது?' என்று ஒரு மதிப்பெண் வினா வரும்.) படைத்தலைவனுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு வரிகள். இளவரசிக்கு நான்கு. முதல் அங்கத்தில் "யார் அது?" என்கிறாள். இரண்டாவதில் தோழியிடம் "கதவைச் சாத்து" என்கிறாள். நான்காவதில் "மழை வருமா?" ஐந்தாவதில், கரையில் கிடக்கும் உடலைப் பார்த்து, "யார் இவர்?"

இதை வைத்துக்கொண்டு என் முன்னோர்களான உரைகாரர்கள் செய்திருக்கும் வேலையைப் பார்க்கவேண்டும். 'கதவைச் சாத்து' என்பதில் நாணம் ததும்புகிறதாம். 'மழை வருமா?' என்பது அவன் நனைந்துவிடுவானே என்ற கவலையாம். 'யார் இவர்?' என்று கேட்கும்போது துக்கத்தில் அவளுக்கு நினைவு தடுமாறிவிட்டதாம். ஒரு பெண் தெரியாத ஆளைப் பார்த்துத் தெரியவில்லை என்று சொல்வதை இத்தனை பேர் சேர்ந்து நம்ப மறுத்திருக்கிறார்கள். அவன் ஒருமுறைகூட அவளிடம் எதையும் கேட்கவில்லை, ஒரு தூதுகூட அனுப்பவில்லை என்பது யார் கண்ணிலும் படவில்லை.

இப்படித் தெளிவாக எழுதுகிறேனே, அப்போதும் இப்படித்தான் எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது நான் எழுதிய மாதிரி விடை இப்படி முடிந்தது: 'இளவரசியும் அவனை உள்ளூர விரும்பினாள் என்பது வெள்ளிடைமலை.'

3

பதிப்பகம் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருக்கிறது. லிஃப்டில் பேப்பர் கட்டுகள் ஏறும், மனிதர்கள் படியில் ஏறவேண்டும். முன்னறையில் முதலாளி. நடு அறையில் கணினியில் பக்கம் அமைக்கும் இருவர். கடைசி அறையில் ஜன்னலோரமாக, பிழை திருத்துகிறவர். எல்லோரும் 'புரூஃப் மேடம்' என்பார்கள். அவரிடம் ஒரு அட்டைப் பட்டை உண்டு. அதை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். காதில் பென்சில் செருகியிருப்பார். படிக்கும்போது உதடு லேசாக அசையும்.

ஆறு வருடங்களாக வாரத்துக்கு ஒருமுறை அந்த அறை வாசலில் நின்று, "மேடம், வச்சிட்டுப் போறேன்" என்பேன். அவர் "சரிங்க சார்" என்பார். படைத்தலைவனுக்கு இந்த அளவுக்குக்கூட வாய்க்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அங்கே வேலை நடக்கும் விதத்தைச் சொல்லவேண்டும், கதைக்கு அது தேவை. நான் எழுதியதைப் பக்கமாக அமைத்துப் புரூஃப் படி எடுப்பார்கள். அவர் பிழை திருத்துவார். சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதி வட்டமிடுவார். படி எனக்கு வரும். நான் ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் பதில் எழுதித் தரவேண்டும். பதில் இல்லாத வட்டம் ஒன்று இருந்தாலும் அந்தப் பக்கம் அச்சுக்குப் போகாது.

'உள்ளூர விரும்பினாள்' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் வந்தது: 'எந்தக் காட்சி? எந்த வரி?'

எனக்கு ஒரே குஷி. ஆறு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட மிக நீளமான கேள்வி அது. ஒன்றரைப் பக்கத்துக்குப் பதில் எழுதினேன். பெண் மனம், மௌனம், கதவின் குறியீடு என்று ஒன்றையும் விடவில்லை. அடுத்த படியில் அந்த வரியே இல்லை. ஓரத்தில் 'ஆதாரம் இல்லை. நீக்கினேன்' என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு, என்னோடு உரிமையோடு சண்டை போடுகிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு புள்ளிகள். என் படிகளில் ஆங்காங்கே, சில வரிகளுக்குப் பக்கத்தில், மிகச் சிறிய பென்சில் புள்ளி ஒன்று இருக்கும். கேள்வியில்லை, திருத்தமில்லை, வெறும் புள்ளி. அவருக்குப் பிடித்த வரிகள் என்று முடிவுகட்டினேன். புள்ளி வைத்த வரிகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து, இன்ன மாதிரி வாக்கியம் அவருக்குப் பிடிக்கிறது என்று கணித்து, அதேபோல நிறைய எழுதத் தொடங்கினேன்.*

* அந்த நோட்டு அக்கா கையில் சிக்கியது. "அவங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றாள். தெரியாது என்றேன். "எங்க இருக்காங்க?" தெரியாது. "என்னடா தெரியும் உனக்கு?" கொஞ்சம் யோசித்துவிட்டு, எந்தப் பென்சில் பயன்படுத்துகிறார் என்று சொன்னேன். அக்கா சொன்னாள்: "எங்க லேப்ல ரத்தம் குடுத்தாத்தான் ரிசல்ட் வரும். நீ குடுக்காமயே பாசிட்டிவ்னு எழுதி வச்சுட்டு உக்காந்திருக்க."

4

இப்போது கடிதம். இந்தப் பகுதியை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றிலும் நான் சற்று அழகாக இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, என் கைப்பிரதியின் எண்பத்து நான்காம் பக்கத்துக்கும் எண்பத்தைந்தாம் பக்கத்துக்கும் நடுவே ஒரு தாளைச் செருகினேன். அதில் மேலே அவர் பெயர் இல்லை, கீழே என் பெயர் இல்லை. இப்படி இருந்தது:

'ஆறு ஆண்டுகளாகத் தங்கள் காதோரப் பென்சிலைப் பார்த்து வருகிறேன். தங்கள் மேசையில் ஆறிப்போகும் தேநீர் என்னைக் கேள்வி கேட்கிறது. உயிரே, உயிரின் உயிரே, தாங்கள் வைக்கும் ஒரு புள்ளிக்காக என் உயிர் வாடுகிறது.'

இதை நான்தான் எழுதினேன். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இலக்கிய நயம் பாராட்டச் சொல்லிக்கொடுக்கிறவன்.

பத்து நாளில் படி வந்தது. கடிதம் நேர்த்தியாகப் பக்கம் அமைக்கப்பட்டு, 84அ என்று எண் பெற்று, பிழை திருத்தப்பட்டு வந்திருந்தது. ஓரத்தில் வரிசையாக வட்டங்கள்.

'ஆறு ஆண்டுகள்? நாடகம் ஒரே மழைக்காலத்தில் நடக்கிறது.'

'பென்சில் அக்காலத்தில் இல்லை. எழுத்தாணி?'

'தேநீரும் இல்லை. பால் எனலாமா?'

'உயிர் நான்கு முறை. ஒன்று போதும்.'

'புள்ளி எதைக் குறிக்கிறது? தெளிவில்லை.'

நான் கடைசியில் இருந்து திரும்ப மேலே வரை படித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன். 'சரி.' 'சரி.' 'பால் போதும்.' வேறென்ன செய்வது? பதில் எழுதாவிட்டால் அச்சுக்குப் போகாது. அந்தக் கேள்வி-பதில் நோட்ஸில் 'படைத்தலைவன் இளவரசிக்கு எழுதுவதாகக் கடிதம் வரைக' என்ற தலைப்போடு அது மாதிரி விடையாக அச்சேறிவிட்டது:

'ஒரு திங்களாகத் தங்கள் காதோர எழுத்தாணியைப் பார்த்து வருகிறேன். தங்கள் மேசையில் ஆறிப்போகும் பால் என்னைக் கேள்வி கேட்கிறது. என் உயிர் வாடுகிறது.'

பாவம், புரூஃப் மேடம் அதை மாதிரி விடை என்று நினைத்துவிட்டார். கதை என்று பார்த்தால் இந்த இடத்தில் முடித்துவிடலாம். சிரிப்பும் வரும், என்மீது கொஞ்சம் அனுதாபமும் வரும்.

ஆனால் அந்த வருடம் தேர்வில் அதே கடித வினா வந்து தொலைத்தது. விடைத்தாள் திருத்தும் ஒரு நண்பர் போன் செய்தார்.

"என்னங்க உங்க நோட்ஸ்ல, இளவரசி மேசைல பால் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா? எங்கிட்ட மட்டும் நாப்பத்து மூணு பேர் அதையே எழுதியிருக்காங்க."

"எவ்வளவு போட்டீங்க?"

"பத்துக்கு ஆறு. உருக்கமாத்தான் இருக்கு. ஆனா கடைசி வரைக்கும் அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணுமே கேக்கலையே இவன். எதுக்குக் கடிதம்?"

5

இங்கே உங்களுக்கு இரண்டு முடிவுகள் தரலாம் என்று திட்டம்.

முதல் முடிவு: அவருக்கு எதுவுமே தெரியாது. நான் கிழவனாகும் வரை படியேறி "வச்சிட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன். இது துன்பியல். பாடத்திட்டத்தில் சேர்க்கலாம்.

இரண்டாம் முடிவு: அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு மழை நாளில் என் வீட்டுக்கு வருகிறார். நனைந்த குடையை மாடிப்படியில் சாத்திவிட்டு, 'அந்தப் புள்ளிகள் எல்லாம்…'

இல்லை. எழுத எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. இளவரசிக்கு உரைகாரர்கள் செய்ததையே நான் இவருக்குச் செய்கிறேன். அவர் சொல்லாத வசனத்தை அவர் வாயில் வைக்கிறேன், குடை வேறு கொடுக்கிறேன்.

6

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன்.

84அ பக்கத்தில் ஐந்து வட்டங்கள் இல்லை, ஆறு. ஆறாவது, பக்கத்தின் அடியில், மற்றவற்றைவிடச் சின்ன எழுத்தில் இருந்தது: 'இந்தப் பக்கம் நூலுக்கு உரியதா?'

கேட்டிருக்கிறார், பாருங்கள். அறுநூற்றுப் பன்னிரண்டு வரி புலம்பியவனிடம் இளவரசி இறங்கிவந்து, 'என்ன வேண்டும்?' என்று கேட்ட மாதிரிதான். 'இல்லை' என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். நானோ, பென்சிலை எடுத்து 'ஆம்' என்று எழுதினேன். அதோடு விட்டேனா? மேலே, 'படைத்தலைவன் இளவரசிக்கு எழுதுவதாகக் கடிதம் வரைக' என்ற தலைப்பையும் நானே எழுதிச் சேர்த்தேன். 'பாவம், அவர் நினைத்துவிட்டார்' என்று நான்காம் பகுதியில் எழுதியது பச்சைப் பொய். அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், என் லட்சணம் தெரியட்டும் என்று.

போன மாதம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். இரண்டாம் பதிப்பு போகிறதாம்.

"அந்தக் கடிதம் பிரமாதம் சார். பசங்க ஒரு எழுத்து விடாம மனப்பாடம் பண்றாங்க. இந்தத் தடவை இன்னும் ரெண்டு கடிதம் சேர்த்துடுங்க" என்றார்.

நேரே கடைசி அறைக்குப் போனேன். முதல்முறையாக வாசலைத் தாண்டி உள்ளே போய் நின்றேன்.

"மேடம், அந்த எண்பத்து நாலு அ."

அட்டைப் பட்டையை நகர்த்தாமல் நிமிர்ந்து பார்த்தார். "சொல்லுங்க சார்."

"அதை இந்தப் பதிப்புல எடுத்துடலாமான்னு…"

"ஆசிரியர் சொன்னா எடுத்துடலாம். முதல் தடவையே கேட்டேனே, உரியதான்னு. நீங்க கைப்பிரதி மேல எழுதிக் குடுத்த கணக்குல நூத்திப் பத்து தாள். எண்ணிப் பார்த்தா நூத்திப் பதினொண்ணு இருந்துச்சு."

"நான் ஆம்னு எழுதினேன்."

"ஆமா. எழுதினீங்க."

"இல்லைன்னு எழுதியிருந்தா?"

"தனியா எடுத்து உங்க கையில குடுத்திருப்பேன். அதுக்கப்புறம் நீங்க ஏதாவது கேட்டிருந்தா, நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்." கோபமாகவும் சொல்லவில்லை, கனிவாகவும் சொல்லவில்லை. ஒரு சந்தி விதியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

என்ன பதில் சொல்லியிருப்பீர்கள் என்று கேட்கவேண்டிய இடம் அது. இதைப் படிக்கும் உங்களுக்குக்கூடத் தெரிகிறது. நான் வேறொன்று கேட்டேன்.

"அந்தப் புள்ளிங்க…"

"எந்தப் புள்ளி?"

"சில வரிக்குப் பக்கத்துல சின்னதா வைப்பீங்களே."

"அதுவா. நான் எந்திரிச்சுப் போன இடம் சார். போன் வந்தா, தண்ணி குடிக்கப் போனா, எங்க விட்டேன்னு தெரியணும்ல. அழிக்க மறந்துடுவேன்." கொஞ்சம் யோசித்தார். "உங்க புத்தகத்துலதான் அதிகம் எந்திரிச்சிருப்பேன்."

அப்போது முன்னறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். படித்துக்கொண்டிருந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். அது வேறு யாரோ எழுதிய விலங்கியல் நோட்ஸ்.

காத்திருந்திருக்கலாம். அவர் திரும்பி வருவதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் படியிறங்கி வீட்டுக்கு வந்து, இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

ஆகவே, பத்து மதிப்பெண் வினாவுக்கு விடை: காதல் என்றால் எதிராளி 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு இடம் இருக்கவேண்டும். மயக்கத்துக்கு அந்த இடம் ஆகாது. படைத்தலைவனுக்கு அவள் தேவைப்படவில்லை, அக்கரை தேவைப்பட்டது. ஒருதலைக் காதல் என்று ஊரே அழுகிறது. இன்னொரு தலையிடம் யாரும் கேட்கவே இல்லை. இதை ஆறு வருடம் கழித்து எழுதுவது வெட்கமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால், வலிக்கவும் செய்கிறது.

7

இந்தக் கதையை அதே பதிப்பகத்தின் ஆண்டு மலருக்குக் கொடுத்தேன். ஆமாம், தெரிந்தேதான். படிகளைத் திருத்துகிறவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். கடைசியில் அரைப் பக்கம் வெற்றிடமாக விட்டு, 'இது அவர் தரப்புக்கு' என்று குறித்திருந்தேன். தைரியம் என்றால் எனக்கு இவ்வளவுதான் வரும்.

"மறுபடியும் பேப்பரையே நீட்டுறியா? உனக்கு வாய்ன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றாள் அக்கா.

நேற்று படி வந்தது. அந்த வெற்றிடத்துக்கு மேலே செருகுவதற்காகத்தான் இந்த ஏழாம் பகுதியை எழுதுகிறேன். வட்டங்களை அப்படியே தருகிறேன்.

முதல் பகுதி: 'சால்வை கிடையாது என்கிறீர்கள். காய்ச்சலோடு வந்த அன்று போர்த்தியிருந்தீர்கள். பழுப்பு நிறம்.'

(அது அக்காவுடையது. இந்த வட்டத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கேட்காதீர்கள். அதற்கு இல்லாத பொருள் கற்பிக்கமாட்டேன் என்று அக்காவிடம் சத்தியம் செய்திருக்கிறேன்.)

மூன்றாம் பகுதி: 'உதடு அசையாது. சரிபார்க்கவும்.'

அதன் கீழே: 'நான் கண்ணாடி அணிகிறேன். கதை முழுவதும் கண்ணாடி இல்லை. விடுபட்டதா?'

இதைப் படித்ததும் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். பென்சில் வந்தது, அட்டைப் பட்டை வந்தது, ஆறிய தேநீர் வந்தது. கண்ணாடி வரவில்லை. ஆறு வருடம் பார்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஐந்தாம் பகுதி: 'குடை நீக்கலாம்.' நீங்களே பார்த்தீர்கள், நீக்கவில்லை. அவருடைய திருத்தங்கள் எல்லாவற்றுக்கும் 'அப்படியே இருக்கட்டும், நான் எழுதிய தவறு தெரியட்டும்' என்று பதில் எழுதிவிட்டேன்.

பாக்கி ஒரு வட்டம்தான். நான் விட்டிருந்த வெற்றிடத்தின் நடுவில், சின்ன எழுத்தில் இருக்கிறது: 'இந்த அரைப் பக்கம் நூலுக்கு உரியதா?'

பக்கத்தில் புள்ளி எதுவும் இல்லை. இந்தக் கதையின் படி முழுவதும் தேடிவிட்டேன், ஒரு புள்ளிகூட இல்லை. இதற்கும் நான் பொருள் சொல்லப்போவதில்லை.

காலை பத்து மணிக்குப் படி போய்ச் சேரவேண்டும். இப்போது மணி எட்டரை. அக்கா கீழே செருப்பு மாட்டிக்கொண்டு, "வர்றியா, அந்த வழியாத்தான் போறேன்" என்று குரல் கொடுக்கிறாள். மேசையில் படி இருக்கிறது, கையில் பென்சில் இருக்கிறது. 'ஆம்' என்று எழுதினால் வெற்றிடம் அச்சாகும். எல்லோரும் ஆகா, என்ன உத்தி என்பார்கள். நான் இன்னொரு ஆறு வருடத்துக்குப் பத்திரமாக இருப்பேன். 'இல்லை' என்று எழுதினால் அந்த அரைத் தாளை அவர் தனியாக எடுத்து என் கையில் கொடுப்பார். அப்போது நான் வாயைத் திறந்து கேட்கவேண்டும், அவர் என்ன சொன்னாலும் நின்று கேட்டுக்கொள்ளவேண்டும்.

நான் என்ன எழுதினேன் என்பதை நீங்கள்தான் பார்த்துச் சொல்லவேண்டும். கையில் இருப்பது அச்சான பிரதிதானே? இந்த வரிக்குக் கீழே அரைப் பக்கம் காலியாக இருக்கிறதா, இல்லையா?